இடக்கையில் சிலம்பு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்தில் அவ்வப்போது படம் காட்டுவார்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் லயத்திலிருந்து பாயும் பலகையும் வந்து இடம்பிடித்துவிடும். இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கேயும் படம் தெரியும், வலம் இடமாக, இடம் வலமாக. அப்படிப் பின்னால் உட்கார்ந்து ‘பூம்புகார்’ பார்த்த ஒரு சிறுமியின் நினைவில், கண்ணகி சிலம்பைத் தூக்கியது இடக்கையில்தான். சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் வீட்டில் மகனோடு இருக்கும் அவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. பால் மரங்களை வெட்டிவிட்டார்கள், லயம் இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடக்கை மட்டும் மாறவில்லை.

கோவலன் கதை தோட்டத்து மக்களுக்குக் காப்பியம் வழியாக வந்ததல்ல. சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தது 1892இல். அதற்கு வெகுகாலம் முன்பே கோவலன் கதை கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் அதை நாடகமாக்கி மேடையில் நிலைநிறுத்தினார். அந்த வாய்மொழி மரபில் மாதவி வீசும் மாலை கோவலன் கழுத்தில் விழுந்து, கழற்ற முடியாமல் ஒட்டிக்கொள்ளும். இளங்கோவடிகளிடம் அப்படி இல்லை. அங்கே கோவலன் 1008 கழஞ்சுப் பொன் கொடுத்து அந்த மாலையைத் தானே வாங்குகிறான். கதையின் பழி யார் தலையில் விழுகிறது என்பதை இந்த ஒரு மாலையே முடிவு செய்துவிடுகிறது. தானாக வந்து விழுந்த மாலை என்றால் பழி தாசிக்கும் விதிக்கும். விலை கொடுத்து வாங்கிய மாலை என்றால் வாங்கியவனுக்கு.

1942இல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ‘கண்ணகி’ மேடையின் பிள்ளை. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு.சின்னப்பா கோவலன். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா கண்ணகி. இளங்கோவன் எழுதிய வசனத்தை அந்த அம்மாள் பேசியதைக் கேட்டவர்கள் யாரும் அவரை வேற்றுமொழிக்காரர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு கெடாவுக்கு அந்தப் படம் வர வழியில்லை. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி உடைந்து ஜப்பானியர் உள்ளே வந்துவிட்டார்கள். 1943இல் கெடாவைச் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதனால் போர் ஓய்ந்த பிறகே கண்ணாம்பாவின் கண்ணகியை இங்குள்ள பெண்கள் பார்த்திருக்க முடியும். அவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் தாங்களே கண்ணகியாகி, போன கணவனுக்கு என்ன ஆனது என்று கேட்க ஒரு சபைகூட இல்லாமல் இருந்தவர்கள்.

‘பூம்புகார்’ 1964இல் வந்தது. மு.கருணாநிதி வசனம், ப.நீலகண்டன் இயக்கம், எஸ்.எஸ்.ராஜேந்திரனும் விஜயகுமாரியும் கோவலன் கண்ணகி. நாடக மேடையைக் கட்டி ஆண்ட கே.பி.சுந்தராம்பாள் கவுந்தியடிகளாக வந்து பாடினார். இந்தப் படத்தில் மாதவி கெட்டவள் இல்லை. ஒருவனை மனதார நேசித்த பெண். நியாயமான மாற்றம் இது. மேடை அவளுக்கு இழைத்த அநீதியைத் திரை கொஞ்சம் துடைத்தது.

இரண்டு கண்ணகிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கண்ணாம்பாவிடம் துக்கம் முன்னால் வருகிறது, நியாயம் அதன் பின்னால் நடந்து வருகிறது. விஜயகுமாரி வழக்காட வந்தவர். பகுத்தறிவு மேடைகளின் அடுக்குமொழி அவர் வாயில் சாட்டையாகச் சுழல்கிறது. வசனத்தின் வீச்சுக்குப் ‘பூம்புகார்’தான். ஆனால் நெஞ்சில் கல் விழுந்தது போன்ற கனத்துக்குக் கண்ணாம்பாவை மிஞ்ச இதுவரை ஆளில்லை.

எத்தனை முறை எடுத்தாலும் இந்தக் கதையில் யாராலும் விட முடியாத இடம் பாண்டியன் சபை. இலங்கையின் கிழக்கே கண்ணகி கோயில்களில் வைகாசியில் பாடுகிற நூலுக்கே ‘கண்ணகி வழக்குரை’ என்றுதான் பெயர். அதே இலங்கையில் சிங்களவர் அவளைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். 2016இல் சுனில் ஆரியரத்ன சிங்களத்தில் எடுத்த ‘பத்தினி’யில் கண்ணகியாக நடித்தவர் பூஜா உமாசங்கர், ‘நான் கடவுள்’ படத்தில் பார்வையற்ற பாடகியாக வந்த அதே பூஜா.

தோட்டத்தில் அந்தச் சபைக் காட்சி வரும்போது திடலே அடங்கிப்போகும் என்கிறார், துணிக்குப் பின்னாலிருந்து பார்த்த அந்தப் பாட்டி. பிள்ளைகளை அதட்டவே தேவை இருக்காதாம். விசாரிக்காமல் தண்டிப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குப் படம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் பெயர் விட்டுப்போனால் அன்றைக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்க நாதியில்லை. இதே பீடோங் வட்டாரத்தில்தான் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டது. 1947இல் போலீசோடு நடந்த மோதலில் உயிர் போனது. அதைக் கண்ணால் பார்த்தவர்களும் அந்தப் பாய்களில் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

ஜெராய் மலையடிவாரத்தில், பாட்டியின் வீட்டுக்குச் சற்று தொலைவில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்கள் கிடக்கின்றன. கோவலன் பிறந்த காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் காழகத்துப் பொருள்களும் குவிந்து கிடந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம் இந்தக் கெடாதான். கண்ணகியின் தந்தை மாநாய்கனின் கப்பல் இந்தக் கரைக்கு வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தடையொன்றும் இல்லை.

போன வாரம் பேத்தி தன் கைப்பேசியில் ‘பூம்புகார்’ போட்டுக் கொடுத்தாள். கோவலனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் கட்டம் வந்ததும் பாட்டி கையை ஆட்டினார்.

“இத தள்ளு. சபைக்கு வர்றதப் போடு.”

தள்ளினாள். கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். கண்ணகி சபைக்குள் வந்து சிலம்பைத் தூக்கியதும் பாட்டி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன பாட்டி?”

“ஒண்ணுமில்ல. நான் பாத்தப்ப இந்தக் கை” என்று இடக்கையைத் தூக்கிக் காட்டினார்.