"எங்கே நிற்கிறாய்?"

சென்ற கோடையில் கனடாவில், ஸ்காபறோவில் உள்ள மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பேரனுக்குப் பதினேழு வயது. ஒன்ராறியோ மாகாணத்தில் 'ஜீ 2' எனப்படும் இரண்டாம் படிச் சாரதி அநுமதிப்பத்திரத்தை அப்பொழுதுதான் பெற்றிருந்தான். என்னை நூலகத்துக்கு ஏற்றிச் செல்வதில் அவனுக்குப் பெருமை. அவனருகில் அமர்ந்து செல்வதில் எனக்கும்தான். ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்குக் கார் நின்றது. கியர்த் தண்டின் பக்கத்தில் கிடந்த கைத்தொலைபேசி சிணுங்கியது. எடுத்தான், பெருவிரலால் தட்டத் தொடங்கினான். விளக்குப் பச்சையாயிற்று. கார் நகர்ந்தது. பெருவிரல் நிற்கவில்லை.

"தம்பி, றோட்டைப் பார்" என்றேன்.

"ஒரு செக்கன் அம்மப்பா. அம்மாதான். எங்க நிக்கிறாய் எண்டு கேக்கிறா."

அந்தக் கேள்விதான் என் வயிற்றைக் கலக்கியது. அதே கேள்வியை 2005ஆம் ஆண்டில் நான் ஓர் இளைஞனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கொழும்பில் செய்தி ஆசிரியராக இருந்த காலம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பயிற்சி நிருபராக வந்து சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். வயது பத்தொன்பது. கடன்பட்டு வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளில் நகரமெல்லாம் சுற்றுவான். கைத்தொலைபேசி எங்கள் கைக்கு வந்து அதிக காலம் ஆகாத நாட்கள் அவை. குறுஞ்செய்தி அனுப்பினால் நிருபர் எங்கிருந்தாலும் பிடித்துவிடலாம் என்பது எங்களைப் போன்றோருக்கு ஒரு புதிய அதிகாரமாக இருந்தது. அன்று மாலை பக்கம் முடிக்கும் அவசரத்தில், "எங்கே நிற்கிறாய்? செய்தி எங்கே? உடன் பதில்" என்று அனுப்பினேன். அவன் காலி வீதியில் ஓடிக்கொண்டிருந்தான். முன்னால் நின்ற லொறியின் பின்புறத்தில் மோதினான். வலக்கால் இரண்டு இடங்களில் முறிந்தது. உயிர் தப்பியது.

வைத்தியசாலையில் அவனது பொருட்களை என்னிடம் ஒப்படைத்தார்கள். கைத்தொலைபேசியின் கண்ணாடி வெடித்திருந்தது; ஆனால் எழுத்துகளை வாசிக்க முடிந்தது. என்னுடைய செய்தி திறந்தபடி இருந்தது. அதன் கீழே அவன் தட்டத் தொடங்கிய பதிலின் இரண்டு எழுத்துகள்.

மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்தது. 'கட்டுப்பாட்டை இழந்து' மோதியதாக எழுதியிருந்தோம். வீதி விபத்துச் செய்தி என்றால் எங்கள் கை தானாகவே எழுதும் சொற்றொடர் அது. கட்டுப்பாட்டை ஏன் இழந்தார் என்று அடுத்த வரியில் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அன்று கேட்டிருந்தால் விடை என் மேசையிலேயே இருந்திருக்கும். அவன் இன்று வரை என்னிடம் அதுபற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த அடுத்த கேள்வியைக் கேட்ட பத்திரிகையாளர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். நியூயோர்க் ரைம்ஸின் மற் றிக்டெல் 2009இல் எழுதிய தொடருக்கு 2010இல் புலிற்சர் பரிசு கிடைத்தது. அதில் வருபவன் யூட்டா மாநிலத்துப் பையன் றெஜி ஷோ. 2006 செப்ரெம்பர் 22ஆம் திகதி, மழைக்காலைப்பொழுதில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தான். அவனுக்கும் வயது பத்தொன்பதுதான். அவன் வாகனம் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வந்த காரில் உரசியது. சுழன்ற அந்தக் கார்மீது இன்னொரு வாகனம் மோதியது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த விஞ்ஞானிகள் இருவர் மாண்டார்கள். ஈர வீதியில் வழுக்கிவிட்டது என்றே றெஜி முதலில் சொன்னான். அதை அவன் நம்பவும் செய்திருக்கலாம். தொலைபேசிப் பதிவுகள் வேறு கதை சொல்லின: மோதலுக்கு முந்திய அரைமணி நேரத்தில் பதினொரு குறுஞ்செய்திகள் போய் வந்திருந்தன. நீதிபதி முப்பது நாள் சிறையோடு ஒரு நூலையும் வாசிக்கச் சொன்னார்: விக்ரர் ஹியூகோவின் 'லே மிஸராப்ளே'. சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாக நம்மவர் அறிந்த அதே கதை. தவறு செய்தவன் பிறகு எப்படி வாழலாம் என்பதற்காக அந்த நூல். றெஜி யூட்டாச் சட்டசபையின் முன் போய் நின்று, தான் செய்ததைச் சொன்னான். 2009இல் அங்கு கடுமையான சட்டம் வந்தது.

அதே யூட்டாவின் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வையும் பேரனுக்குச் சொன்னேன். கைத்தொலைபேசியில் பேசியவாறு செலுத்துபவரின் தடுமாற்றம் சட்ட எல்லைக்கு மது அருந்தியவரின் தடுமாற்றத்துக்குக் குறைந்ததல்ல என்று 2006இல் அவரும் அவரது சகாக்களும் எழுதினார்கள். கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வேறுபாடில்லை. கண் வீதியில் இருக்கும், மனம் இராது. குறுஞ்செய்தியிலோ கண்ணும் இல்லை. மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து செக்கன் குனிந்தால் எண்பத்துமூன்று மீற்றர் போயிருப்போம். இதை அவன் மனக்கணக்காகவே செய்தான், கணிதத்தில் கெட்டிக்காரன். ஆனால் முகத்தில் மாற்றமில்லை. ஒன்ராறியோவில் புதிய சாரதிக்கு முதல் தடவையே முப்பது நாள் அநுமதிப்பத்திரம் பறிபோகும், சிவப்பு விளக்கில் கையில் எடுத்தாலும் குற்றமே என்றபோது சற்று நிமிர்ந்தான். இந்த வயதில் மரணம் பிறர்க்குரியது, அநுமதிப்பத்திரம் தன்னுடையது.

பிறகு காலி வீதிக் கதையைச் சொன்னேன். மனைவியிடம்கூட முழுமையாகச் சொல்லாத கதை. நூலகத் தரிப்பிடத்தில் எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவர் இப்ப நடக்கிறாரா?"

"நடக்கிறார். கொஞ்சம் நொண்டி."

அன்றிரவு மகளோடு பேசினேன். பிள்ளையைத்தான் கண்டிக்கப் போகிறேன் என்று எண்ணியிருந்தாள். "அவன் ஓடுற நேரமெண்டு உனக்குத் தெரியும்தானே பிள்ளை? தெரிஞ்சும் ஏன் கேக்கிறாய்?" என்றேன். "பயத்திலதான் அப்பா" என்றாள். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்புவாள்; மீண்டும் வராவிட்டால் அழைப்பாள். பயம் அவளை அப்படிச் செய்ய வைக்கிறது. என்னைச் செய்ய வைத்தது பக்கம் முடிக்கும் அவசரம். அவள் நீண்டநேரம் பேசாமல் இருந்துவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காரில் ஏறியதும் பேரன் தன் கைத்தொலைபேசியை என் மடியில் போட்டான். பாதி வழியில் அது சிணுங்கியது. மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். மகள்தான். நேற்றுப் பேசியதெல்லாம் ஓரிரவுகூடத் தாங்கவில்லை.

என் தடித்த விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன்: "ஓடுகிறான். வந்து சொல்வான்."

அதை அனுப்பி முடிப்பதற்குள் நூலகம் வந்துவிட்டது.