மருந்தடிக்காத கீரை

சிவகாசி என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவில் வருவன பட்டாசும் தீப்பெட்டியும் நாட்காட்டியுந்தான். "உங்கள் ஊரில் புல்லாவது முளைக்குமா?" என்று முதலாண்டில் வகுப்புத் தோழி ஒருத்தி என்னைக் கேட்டாள். கேலிக்குக் கேட்டாலும் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினார்கள். அது வேர்விட்டதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். பயிர் பொய்த்த ஊருக்கு வேறு பிழைப்பு வேண்டியிருந்தது. மருந்து காய்வதற்கு வெயிலும் வேண்டியிருந்தது.

ஆகையால் எங்கள் வீட்டில் மழைக்கு இரண்டு முகம் உண்டு. மழை பெய்தால் மொட்டைமாடியில் செடிகள் தளிர்க்கும். அம்மாவுக்கு அன்று வேலை இராது, கூலியும் இராது.

அம்மா வெடி ஆபீசில் வேலை பார்க்கிறாள். வெளியூரார்க்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று எவரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே கலவைக்குப் பெயர் மருந்து. அம்மாவுக்குப் புஸ்வாணத்தில் மருந்து அடைக்கும் வேலை. மாலையில் திரும்பும்போது அலுமினியத் தூள் படிந்து முழங்கை வரை மினுமினுக்கும். சிறு பிள்ளையாக இருந்தபோது, அம்மா ஆபீசுக்குப் போனால் வெள்ளி வளையல் போட்டுக்கொள்கிறாள் என்று நான் எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு திருத்தங்கலில் இருக்கிறது. முன்பு அது தனி நகராட்சி. 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மாடியில் பிளாஸ்டிக் வாளி, உடைந்த குடம், சிமெண்ட் தொட்டி என்று பதினான்கு கொள்கலங்கள். அவற்றில் அரைக்கீரை, தண்டங்கீரை, கத்தரி, மிளகாய், ஒரு பிரண்டைக் கொடி. குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், துணி அலசிய நீர் எல்லாம் செடிக்குத்தான் போகும். ஒரு சொட்டையும் வீணாக்காதவள் என்று அம்மாவுக்குத் தெருவில் நல்ல பெயர்.

2013-14ஆம் ஆண்டில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பை, தென்னைநார்க் கழிவு, விதை, உயிர் உரம் ஆகியவற்றை ஒரு தொகுப்பாக்கி மானிய விலையில் கொடுத்தார்கள். அதன்பின் மாடித் தோட்டம் என்ற பேச்சு தமிழகமெங்கும் பரவிற்று. எங்கள் தெருவில் அதற்கு முன்பே, பெயரில்லாமல், அது இருந்தது என்பது என் கருத்து.

இரண்டாமாண்டில் நாட்டு நலப்பணித் திட்ட வேலைக்காக எங்களைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களில் கணக்கெடுத்தேன். உண்ணத்தக்கது ஏதேனும் ஒன்றை வளர்க்கும் வீடுகள் 23 இருந்தன. வியப்பு அதுவன்று. முதல் தெருவில் ஒரு மதினி, கத்தரியில் வெள்ளைப் பூச்சி அப்பிக் காய் பிடிக்காமல் போயிற்று என்று செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு சுவர் தாண்டி ஓர் ஆச்சி, புளித்த மோரைக் கரைத்துத் தெளித்து அதே பூச்சியை விரட்டியிருந்தார். இருவரும் ஒரே ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவர்கள். விலைவாசி பேசியிருக்கிறார்கள், மருமகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கத்தரியைப் பற்றி மட்டும் பேசியதில்லை!

இவர்களை ஒருநாள் ஓரிடத்தில் உட்காரவைத்தால் என்ன என்று தோன்றியது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதன்று. முளைப்பாரி என்பது வேறென்ன? தெருப் பெண்கள் எல்லோரும் பயறு வகைகளை ஊறவைத்து, எருவும் வைக்கோலும் இட்ட ஓட்டில் விதைத்து, வெயில் படாத அறையில் வளர்த்து, இரவெல்லாம் கும்மியடித்து, பின்பு தலையில் சுமந்து ஊர்வலமாகக் கோயிலுக்குப் போகிறார்கள். எவர் வீட்டு முளை செழித்தது, எவர் வீட்டு முளை சோடையானது என்று ஊரே பார்த்துவிடும். விதையின் தரத்தைச் சோதிக்க முன்னோர் கண்ட வழி அது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பக்தியோடு பக்தியாக ஒரு விதைப் பரிசோதனையும் நடந்துவிடுகிறது.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவைப் பற்றியும் படித்திருந்தேன். 2018இல் மறைந்த அவர், 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டவர். திருவிழாவுக்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். ஒரே நிபந்தனை, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வட்டிக்குக் கொடுக்கும் ஊர்களில் பிறந்த நமக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

கடல் கடந்தும் இத்தகைய செய்திகள் உண்டு. நியூயார்க் நகரத்தில் 1973ஆம் ஆண்டு லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவர் தோழர்களும் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மனையைத் துப்புரவாக்கித் தோட்டம் போட்டார்கள். மறு ஆண்டே நகராட்சி அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு விட்டது. வேலி போட்ட தரிசுகளுக்குள் விதைக் குண்டுகளை வீசிவிட்டுப் போவதும் அவர்கள் வழக்கமாம். (எங்கள் ஊரில் குண்டு என்றால் வேறு பொருள், அம்மாவிடம் இதைச் சொன்னபோது பயந்துவிட்டாள்.) 1979இல் அந்த நாட்டுச் சமூகத் தோட்டக்காரர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள், மாநாடு கூட்டி அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தக்காளி வளர்ப்பவர்க்கு மாநாடா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

நாள் குறிப்பதில்தான் சிரமம். ஆடிப்பட்டத்தில் கூட்டலாமென்றால் தீபாவளிக்கான வேலை நெருக்கடி. ஞாயிறென்றும் பாராமல் ஆபீசுக்குப் போவார்கள். தீபாவளி முடிந்தால் வெடி ஆபீசுகள் சில நாள் மூடியிருக்கும். மழைக்காலமும் அதுவே. ஆகவே சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு மாடியில் கூடுவதென்று முடிவாயிற்று. அன்று மழையும் வந்தது. எல்லோரும் கீழே இறங்கி வண்டி நிறுத்தும் இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் முப்பது பேருக்குச் சுண்டல் அவித்திருந்தேன். வந்தவர்கள் 17 பேர்.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆச்சி சாம்பலில் புரட்டிய சுரை விதையைக் குடுவையோடு கொண்டுவந்தார். சாத்தூர்ப் பக்கத்தில் பெண் எடுத்த வீட்டிலிருந்து வெள்ளரி விதையும் சம்பா மிளகாயும் வந்தன. தூதுவளை, திருநீற்றுப்பச்சிலை, செடிமுருங்கை. அச்சகத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கழிவான நாட்காட்டித் தாள்களைக் கட்டாகத் தந்தார். அவற்றை மடித்துப் பொட்டலம் செய்தோம். ஒரு பக்கம் ராகு காலம், எமகண்டம். மறு பக்கம் "கொத்தவரை, குத்துச் செடி". ஆதிரெங்கத்து முறைப்படி, ஒரு பொட்டலம் எடுத்தால் அடுத்த ஆண்டு இரண்டு என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

பேச்சு முதலில் கூச்சமாகத்தான் தொடங்கிற்று. மோர் வைத்தியத்தை ஆச்சி சொன்னதும் கட்டவிழ்ந்தது. சித்திரை வெயிலுக்குப் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டுவது, அடியில் துளையுள்ள சிறு கலயத்தைத் தொட்டி நடுவில் புதைத்து அதில் மட்டும் தண்ணீர் ஊற்றுவது, எறும்புக்கு என்ன, மாவுப் பூச்சிக்கு என்ன என்று நேரம் போனது தெரியவில்லை. பிறகு ஆசிரியர் எழுந்து, "நம்ம காய்க்கு ஈடு உண்டா? கடைக் கத்தரிக்காயில எத்தனை மருந்து! நம்ம வீட்டுக் கீரையில ஒரு சொட்டு மருந்து கிடையாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அம்மா கை தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, எங்க வீட்டுச் செடிக்கு மருந்து போகுதே?"

எவருக்கும் புரியவில்லை. அம்மா சொன்னாள்: "ஆபீஸ் சேலைய அலசுற தண்ணியத்தானே நான் கீரைக்கு ஊத்துறேன். ரெண்டு வருசமா ஊத்துறேன். அதுல மருந்துதானே இருக்கு?"

தாவரவியல் படிக்கும் எனக்கு அக்கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தத் தண்ணீரை நானே எத்தனையோ முறை வாளியில் தூக்கி மாடி ஏறியிருக்கிறேன்.

"வெடியுப்பு உரந்தானே மதினி, செடிக்கு நல்லதுதான்" என்று ஒருவர் சிரித்தார். அது முழுப் பொய்யன்று. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்; அதை உரமாகவும் இடுகிறார்கள். கந்தகமும் சிறிதளவு பயிருக்கு வேண்டியதே. ஆனால் மருந்து என்பது இவை இரண்டு மட்டுமன்று. பச்சை ஒளிக்குச் சேர்த்த பேரியம் நைட்ரேட் நீரில் கரையும் நஞ்சு. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு பசுமைப் பட்டாசு வந்தது. இதையெல்லாம் நான் தேர்வுக்குப் படித்ததுபோல் ஒப்பித்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்தபோதுதான், நான் எவரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். அவர் நிதானமாக, "தாயி, வேலைத் துணிய வீட்டுத் துணியோட சேர்க்காதே. தனியா அலசு. அந்தத் தண்ணி திங்கிற செடிக்கு வேண்டாம். கீரைக்கு ஆகவே ஆகாது" என்றார். அவ்வளவுதான். அவர் ஏசவுமில்லை, பயமுறுத்தவுமில்லை.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அச்சக அண்ணன், தாம் மிளகாய் வளர்ப்பது மை இருந்த டப்பாக்களில் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்னொருவர் பெயிண்ட் வாளியை ஒப்புக்கொண்டார். கை தட்டல் வாங்கிய ஆசிரியரே, வெண்டைக்கு இரண்டு முறை கடை மருந்து அடித்ததாகச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது மாடியில் கீரைத் தொட்டிகள் நான்கும் காலியாக இருந்தன. கீரையைப் பிடுங்கி, மண்ணையும் அள்ளிச் சாக்கில் கட்டியிருந்தாள். "கழுவிச் சமைச்சாப் போதுமே அம்மா, இவ்வளவும் வேண்டியதில்லையே" என்றேன். "தம்பிக்கு நெதம் இதைத்தானேடி போட்டேன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சாக்கின் மறுமுனையைப் பிடித்து இறக்கினேன்.

அந்த வாரத்தில் ஒரு மாலை ஆச்சி ஒரு கூடை மண்ணோடு வந்தார். "என் தொட்டியில ஒரு பிடி, ஒரு பிடி எடுத்தேன், குறையவா போகுது" என்றார். மறுநாள் மோர் வைத்தியம் கற்றுக்கொண்ட கத்தரி மதினி மக்கிய எரு கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் இரண்டு தொட்டி நிறைந்தது. மற்ற இரண்டுக்கு அச்சக அண்ணன் நார்க் கழிவு வாங்கித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தை மாதம் அரைக்கீரை அறுத்தோம். முதல் கட்டை அம்மா ஆச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஆபீஸ் சேலைக்கு இப்போது தனி வாளி. அந்தத் தண்ணீர் செடிப் பக்கம் போவதில்லை. அம்மா வாசலிலேயே கை கால் முகம் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறாள். அந்த நான்கு தெருக்களில் இன்னும் ஆறு வீடுகளில் அவ்வாறே செய்கிறார்கள். ஆறிலும் பெண்கள் வெடி ஆபீசுக்குப் போகிறவர்கள்.

நோட்டுக் கணக்கின்படி 41 பொட்டலங்கள் கடனாகப் போயிருக்கின்றன, 82 திரும்பவேண்டும். வெள்ளரி வாங்கிய இருவர் முளைக்கவில்லை என்று இப்போதே சாக்குச் சொல்லிவிட்டார்கள். அம்மா வாங்கியது சம்பா மிளகாய் ஒன்றே ஒன்று. அதன் பழங்கள் இப்போது முறத்தில் காய்கின்றன. இரண்டு பொட்டலத்துக்கு மேலேயே தேறும் என்கிறாள்.

அடுத்த கூட்டம் தீபாவளி கழிந்த இரண்டாம் ஞாயிறு, அதே வீட்டில். நம் கல்லூரியில் சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வரும் தோழியர், வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வரலாம். விதை கொண்டுவாருங்கள். பொட்டலத் தாளுக்குக் கவலையில்லை. இந்த ஆண்டு நாட்காட்டி நிறையவே மிஞ்சியிருக்கிறதாம்.