எதிர்முள்

அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் தூண்டில் முள் ஏறியபோது எனக்குப் பத்து வயது. அப்போது செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அப்பாவும் அண்ணனும் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள். புழு தோண்டி டப்பாவில் போட்டுக் கொடுப்பது என் வேலை. தூண்டிலைத் தொடுவது என் வேலை இல்லை. அன்று ஒரு விரால் முள்ளை ஆழமாக விழுங்கியிருக்கிறது. எடுக்கச் சோம்பல்பட்டு அப்பா நரம்பை அறுத்து, மீனை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து, வயிற்றைக் கீறி, குடலை எடுக்க விரலை விட்டாள்.

இழுத்தால் வரவில்லை. அப்பா இழுத்தார், பக்கத்து வீட்டு மாமா இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் தோல் கூம்பி எழுந்தது; முள் அசையவில்லை. கடைசியில் கம்பவுண்டர் ஒருவர் வந்து செய்ததை நான் மறக்கவே இல்லை. அவர் முள்ளைப் பின்னால் இழுக்கவில்லை, இன்னும் முன்னால் தள்ளினார். முனை விரலின் இன்னொரு பக்கத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதைக் குறடால் நறுக்கியதும் மிச்சக் கம்பி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அன்றைய குழம்பையும் அம்மாதான் வைத்தாள், இடது கையால் கிண்டி.

நறுக்கிப்போட்ட முனையை எடுத்துப் பார்த்தேன். கூருக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கிச் சாய்ந்தபடி ஒரு சின்னச் சிம்பு. உள்ளே போகும்போது வழிவிட்டு, வெளியே வரும்போது மறிக்கும் சிம்பு. அதை நான் எதிர்முள் என்று சொல்லிக்கொள்கிறேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியதற்கு இந்த ஒரு சொல்லாவது மிஞ்சட்டும்.

என் முதல் தூண்டிலை நாற்பத்து மூன்றாவது வயதில் வாங்கினேன். காரணம் மீன் இல்லை. மகளோடு கூடுவாஞ்சேரிக்குத் தனியாகக் குடிவந்த புதிதில், விடியற்காலையில் நந்திவரம் ஏரிக்கரையில் போய் உட்காருவேன். கல்லூரி வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை, சும்மா. நான்கு நாள்கூட நிம்மதியாக உட்கார விடவில்லை. "யாருக்காவது வெயிட் பண்றீங்களா?" "உடம்பு முடியலையா?" நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நான் குதிக்கப்போகிறேன் என்றே முடிவுகட்டி, "எதுவானாலும் பேசித் தீர்த்துக்கலாம்மா" என்றார். அதே கரையில் காலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்த ஆண்களிடம் யாரும் எதுவும் பேசித் தீர்க்கவில்லை. தூண்டிலோடு போன முதல் நாளே கேள்வி மாறிவிட்டது: "என்ன மாட்டுச்சு?"

ஆக, தூண்டில் என் அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டுக்கான கட்டணத்தை மீன் தன் வாயால் கட்டுகிறது என்பது இரண்டாம் வாரம்தான் உறைத்தது. ஒரு கெண்டை முள்ளை விழுங்கிவிட்டது. அப்பாவைப் போலவே இழுத்தேன். முள்ளோடு செவுளிலிருந்து இரத்தமும் வந்தது. தண்ணீரில் விட்டேன். விட்டுவிட்டோம் என்ற திருப்தி அரை நிமிடம் இருந்தது. பிறகு அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. விடுவதற்கென்று ஒரு முள் வேண்டும் என்று அன்றுதான் தேட ஆரம்பித்தேன்.

மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "சாருக்கு என்ன நம்பர்னு கேட்டுட்டு வாங்க மேடம்." சார் இல்லை, எனக்குத்தான் என்றேன். விடுவதற்கு ஏற்ற முள் வேண்டும் என்றதும் அவர் சிரித்தார். "அதெல்லாம் காவிரியில பெரிய மீன் பிடிக்கிறவங்க செய்யறது." அவர் சொன்னது தப்பில்லை. காவிரியின் திமில் முதுகு மகசீரைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு விடும் வழக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து புகழ்பெற்ற அந்த மீனுக்கு உரிய அறிவியல் பெயர் எது என்பது 2018-ல்தான் தெளிவானது: டோர் ரெமாதேவி. இந்திய விலங்கியல் அளவைத் துறையில் மீன்களை ஆராய்ந்த ரெமாதேவியின் பெயர். அது அழியும் விளிம்பில் இருக்கிறது என்ற அறிவிப்பும் அதே வருடம் வந்தது. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களில் நான் பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள். மீனின் பெயர் மட்டும் ஒரு பெண்ணுடையது.

முள்ளின் எண்ணை முதலில் தலைகீழாகப் படிக்கப் பழக வேண்டும். எண் ஏற ஏற முள் சிறுக்கும்; பதினான்கைவிடப் பத்து பெரியது, பத்தைவிட ஆறு பெரியது. சின்ன முள் என்றால் மீனுக்கு வலி குறைவு என்று நினைத்திருந்தேன். இல்லை, சின்ன முள்ளைத்தான் மீன் எளிதாக விழுங்கும். ரொம்பப் பெரியதானால் மேலண்ணத்தைத் துளைத்துக் கண்வரை போகும். ஏரிக் கெண்டைக்கும் ஜிலேபிக்கும், பிசைந்த மைதா உருண்டை வைத்தால், எட்டு அல்லது பத்து எனக்குச் சரியாக வருகிறது. துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். மீனுக்குள் தங்கிவிட்டால் அது கரையவே கரையாது. சாதாரண இரும்புக் கம்பி நாளாவட்டத்தில் அரித்துப் போகும். ஆழமாக விழுங்கிவிட்டதா, பிடுங்காதே. வாயருகே நரம்பை நறுக்கிவிட்டு மீனை விடு, அது பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். (விவாகரத்து வழக்கின்போது இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். ஆறு வருடம் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.)

பாதி வேலை முள்ளில் என்றால் மீதி தக்கையில். தெர்மாகோல் உருண்டையை மாட்டினால் மீன் இரையை வாயில் வைத்து, விழுங்கி, செரித்த பிறகுதான் அது அசையும். மயிலிறகின் தண்டை நறுக்கிக் கட்டி, நுனி மட்டும் தெரியும்படி ஈயக்குண்டை அளந்து போட்டால், மீன் இரையை முகர்வதுகூடத் தெரிகிறது. அதைப் பார்க்கக் கண் அங்கேயே இருக்க வேண்டும். சும்மா உட்காரத்தான் தூண்டில் வாங்கினேன். அது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

தக்கை சாய்ந்ததும் வெட்டி இழுப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். அந்த அசைவுக்கு வயது இரண்டாயிரம். குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், கவண் ஒலிக்கு மிரண்ட யானை கைவிட்ட மூங்கில், மீனை இழுத்த தூண்டில்போல விசைத்து நிமிர்கிறது. தன் நலன் தன்னிடம் இல்லை, அவனோடே போய்விட்டது என்று சொல்லும் பெண்ணின் பாட்டு அது. எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கி மீனெறி தூண்டிலார் என்கிறோம். அவர் ஆணா பெண்ணா என்பது அந்தப் பெயரிலிருந்து தெரியாது. வகுப்பில் கேட்டால் எல்லாரும் யோசிக்காமல் "ஆண்" என்பார்கள். தூண்டில் என்றாலே ஆண்தானே.

அந்த இழுப்பே கூடாது என்று சொல்லும் முள் ஒன்று இருக்கிறது. வட்ட முள். அதன் கூர், தண்டை நோக்கி உள்ளே திரும்பியிருக்கும். மீன் விழுங்கினாலும் அது தொண்டையில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வந்து, மீன் திரும்பும்போது வாயின் ஓரத்தில் மாட்டும். நாம் செய்ய வேண்டியது நரம்பை மெல்ல இறுக்குவது மட்டும். வெட்டி இழுத்தால் வாயிலிருந்து வெறுமனே வெளியே வந்துவிடும். பசிபிக் தீவுகளில் சிப்பியிலும் எலும்பிலும் இந்த வடிவத்தை எப்போதோ செதுக்கியிருக்கிறார்கள். ஆழ்கடல் ஆயிரங்கால் தூண்டிலில் கடலாமைகள் முள்ளை விழுங்கிச் சாவதைக் குறைக்க இன்று இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். புழுவை ஒரே வாயாக விழுங்கும் விராலுக்கும் கெளுத்திக்கும் நான் இதையே கட்டுகிறேன். கெண்டைக்கு உதவாது. அது இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும். நாம் இறுக்குவதற்குள் போய்விடும். அதற்குப் பழைய வளைமுள்தான், எதிர்முள்ளை நசுக்கிவிட்டு.

நசுக்குவது சனிக்கிழமை இரவு வேலை. சிறிய மூக்குக் குறடால் எதிர்முள்ளைப் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும், அவசரப்பட்டால் முனையே முறிந்துவிடும். சரியாக நசுங்கியதா என்று பார்க்கப் பழைய பருத்திப் புடவையில் குத்தி எடுப்பேன். இழை ஒன்றும் வராமல் முள் திரும்பி வந்தால் சரி. புடவை அம்மாவுடையது. இங்கிலாந்தில் 1496-ல் அச்சான ஒரு தூண்டில் நூலில், தையல் ஊசிகளைக் கரித்தணலில் பழுக்கக் காய்ச்சி வளைத்து முள் செய்யச் சொல்லியிருக்கிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பிறகு அறிஞர்கள் அதைச் சந்தேகித்தார்கள். எனக்கு அந்த ஊசி போதும்.

எதிர்முள் இல்லாவிட்டால் நரம்பை ஒரு கணமும் தளரவிட முடியாது, மீன் கழன்றுவிடும். நிறைய கழன்றிருக்கிறது. மாட்டிய மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, நனைத்த கையால் பிடித்து, முள்ளைத் திருப்பினால் இரண்டு விநாடி. காய்ந்த கையால் பிடித்தால் அதன் மேலிருக்கும் வழுவழுப்புப் போய் நோய் பற்றும். வெயில் ஏறிய கரைக்கல்லில் வைக்கவே கூடாது.

எல்லா மீனையும் விடுவதில்லை. ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நம் குளம் குட்டையெல்லாம் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதை ஏரிக்கே திருப்பித் தருவதில் புண்ணியம் இல்லை. அது பத்தடி தள்ளி உட்காரும் அக்காவின் பைக்குப் போகும். அடுக்குமாடி ஒன்றில் வீட்டு வேலைக்குப் போகுமுன் குழம்புக்கு நாலு மீன் பிடிக்க வருகிறவர். நான் முதல் கெண்டையை விட்டதைப் பார்த்து, "விடுறதுக்கா டீச்சர் பிடிச்சீங்க? அப்புறம் எதுக்கு அதைக் குத்துறீங்க?" என்றார். அனுமதிச் சீட்டுக் கதையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் அந்தக் கரையில் உட்கார யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பசியைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

அம்மாவின் விரல் கதையை மட்டும் சொன்னேன். அக்கா தன் கட்டைவிரலைக் காட்டினார். அதே மாதிரி வடு, இரண்டு பக்கமும். உடனே நசுக்கிய முள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எடுப்பது சுலபம், கையில் ஏறினாலும் வந்துவிடும் என்றேன். தன் தூண்டிலில் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக அதை என் டப்பாவில் போட்டார். "உங்க முள்ளுல நாலு மீன் நழுவிடுச்சு டீச்சர். அன்னிக்குப் புள்ளைங்களுக்கு வெறும் ரசம்தான் வெச்சேன்."

கவரைப் பிரித்து, இன்னும் நசுக்காத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் பல்லால் நரம்பைக் கடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே என் தக்கை சாய்ந்தது.