அடிச்சுப் போட்ட மைனஸ் ஒண்ணு

நேத்து ராத்திரி பத்தாவது படிக்கிற பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்தா. 25 மீட்டர் உயர மொட்டை மாடி ஓரத்துல நின்னு, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துல பந்தை நேர் மேலே எறியறோம். எத்தனை விநாடியில தரைக்கு வரும்? புவியீர்ப்பு முடுக்கம் 10ன்னு வச்சுக்கணும்.

நேரத்தை 'நே'ன்னு வச்சா, 25 + 20நே − 5நே² = 0. சுருக்கினா நே² − 4நே − 5 = 0. விடை ரெண்டு: 5, −1.

"நேரம் மைனஸ்ல வராது, அடிச்சிடு"ன்னேன்.

"வராதுன்னா கணக்குல மட்டும் ஏம்ப்பா வருது?"

சுருக்குன்னு இருந்துச்சு. இதே கேள்வியைக் கேட்டுட்டு, பதினொண்ணாவதுல ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல நின்னவன் நான். அதுக்கப்புறம் எந்த வகுப்புலயும் வாயைத் திறக்கல.

தூக்கம் வரல. எந்திரிச்சு உக்காந்து போட்டுப் பார்த்தேன். நாம எறியறதுக்கு ஒரு விநாடி முன்னாடி, தரையிலேர்ந்து யாரோ 30 மீட்டர் வேகத்துல எறிஞ்சிருந்தா? ஒரு விநாடியில சரியா 25 மீட்டர் ஏறி, மாடியைத் தாண்டறப்ப வேகம் 20! சமன்பாட்டுக்கு மாடியும் தெரியாது, எறிஞ்ச கையும் தெரியாது. பந்தோட முழுப் பாதைதான் தெரியும். அந்த −1, பாதையோட இன்னொரு முனை.

காலையில பொண்ணுகிட்ட சொன்னேன்.

"அப்ப அது தப்பு விடை இல்லையா?"

"இல்லடா. நம்ம கேள்விக்கு விடை இல்லை, அவ்வளவுதான்."

பரீட்சையில அடிச்சுட்டுத்தான் வரணும். ஏன்னு தெரிஞ்சு அடிக்கலாமில்ல? :-)