வண்டி வேடிக்கை

1977ல், மூன்று இதழ்களோடு நின்றுபோன ஒரு சிறு பத்திரிகையில், சேலம் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட ஏசினேன் என்பது பொருந்தும். காலண்டர் படத்தின் ரஸனை மாட்டு வண்டியில் ஏறி ஊர்வலம் வருகிறது என்று அது ஆரம்பிக்கும். பத்திரிகை அச்சானது இருநூறு பிரதிகள். படித்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவர் என் அப்பா.

அப்பா லீ பஜாரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளை. ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி மட்டும் சிவன். பதினோரு வருஷமாகச் செவ்வாய்ப்பேட்டை வண்டிகளில் ஒன்றில் நீலம் பூசிக்கொண்டு நின்றவர்.

சேலம் அறியாத நண்பர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பேட்டைக்கு ஒரு மாரியம்மன். கோட்டையில் இருப்பவள் மூத்தவள், பெரிய மாரியம்மன். ஆடியில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, சக்தி அழைத்து, அலகு குத்தி, பொங்கல் வைத்து, மாவிளக்கு எடுத்து, உருளுதண்டம் போட்டு, சத்தாபரணம், மஞ்சள் நீராட்டு என்று முடியும். நடுவில் ஒரு ராத்திரி குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை. வண்டிகளை ஜோடித்து, விளக்குப் போட்டு, மேலே மனிதர்கள் தெய்வ வேஷத்தில் நிற்பார்கள். சிவன் பார்வதி, மகிஷனை மிதிக்கும் காளி, பாற்கடலில் பெருமாள். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. வேஷக்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான், அசையாமல் இருப்பது. வண்டி குலுங்கும், அவன் குலுங்கக் கூடாது. அந்த ஆள் யார், எந்த மண்டி, எந்தக் கொலுசுப் பட்டறை என்று கூட்டத்துக்குத் தெரியும். தெரிந்தே கும்பிடுவார்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் அன்று எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்துகொண்டே கும்பிடுவது போலித்தனம் என்று எழுதினேன். கூடவே ஒரு காரணவாதமும் சேர்த்திருந்தேன். மாரியம்மன் அம்மை நோயின் தெய்வம். வெயில் முடிந்து, நோய் தணிந்து, மழை வர வேண்டிய பருவத்தில் அவளைக் குளிர்விக்கவே இந்தத் திருவிழா. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது, 1977 ஏப்ரலில் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தும் ஆயிற்று. காரணம் போன பின் காரியம் எதற்கு? தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்பா படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து, பேரேட்டுக்குள் வைத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது, "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றார். பிறகு, "மூட்டை தூக்கறவன் அன்னிக்கி என்னைப் பாத்துக் கும்பிடுவான். மறுநா கூலி குறைஞ்சா சண்டைக்கு வருவான். ரெண்டும் எனக்குப் புடிக்கும்டா" என்றார். நான் சிரித்தேன். என்ன அர்த்தத்தில் சிரித்தேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆடியில் அவர் வண்டி ஏறவில்லை. முழங்கால் வலி என்றார். முழங்கால் வலி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க நேர்ந்தபோது அவர் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் அக்கா மகன். ஈராக்கில் குர்துகளின் பகுதியான எர்பிலில் ஒரு ஓட்டலில் மின்சார வேலை பார்க்கிறான். மார்ச் இருபதாம் தேதி ராத்திரி ஒரு படம் அனுப்பினான். அக்ரே என்ற மலையூர். இருட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் தீப்பந்தம் ஏந்தி வளைந்து வளைந்து மலை ஏறுகிறார்கள். "மாமா, இவங்க வருஷப் பொறப்பு. நம்ம தீச்சட்டி மாதிரியே இருக்கு பாருங்க" என்று கீழே எழுதியிருந்தான்.

நௌரோஸ். இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி வசந்தத்தின் தொடக்கம். குர்துகள் அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். தோளில் பாம்பு முளைத்த கொடுங்கோலன் ஒருவன்; அந்தப் பாம்புகளுக்குத் தினமும் வாலிபர்களின் மூளை இரை; காவா என்ற கொல்லன் தன் பிள்ளைகளை இழந்து, கடைசியில் அவனைக் கொன்று, மலைமேல் தீ மூட்டிச் சேதி சொல்கிறான். துருக்கியில் அந்தத் தீ பல காலம் குற்றமாக இருந்தது. 1992 மார்ச்சில் ஜிஸ்ரே முதலான ஊர்களில் நௌரோஸுக்குக் கூடியவர்கள்மீது சுட்டதில் பலர் செத்தார்கள். பிறகு அரசாங்கமே அதைத் தன் பண்டிகையாக எடுத்துக்கொண்டு கொண்டாடிப் பார்த்தது. அப்போதும் தகராறு ஓர் எழுத்தில் வந்து நின்றது. குர்துகள் அந்தப் பெயரை எழுதும் எழுத்தொன்று துருக்கி அரிச்சுவடியில் இல்லை. அந்த எழுத்தைப் போட்டு அழைப்பிதழ் அச்சடித்தவர்கள் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. ஓர் எழுத்துக்காக வழக்கு என்பது நம்மைப் போன்ற ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும்.

அதே ஈராக்கின் தெற்கே அரபுகள். அங்கே ஷியாக்களுக்கு ஆஷுரா, அதற்கு நாற்பதாம் நாள் அர்பயீன். நஜஃபிலிருந்து கர்பலாவுக்கு நடந்தே போவார்கள். கர்பலா யுத்தத்தைத் தெருவில் வேஷம் கட்டி நிகழ்த்துவதும் உண்டு. நௌரோஸ் சூரியனைப் பின்பற்றுவதால் பருவம் மாறாது, நம் ஆடி மாதிரி. ஹிஜிரி வருஷம் சந்திரனுடையது, சுமார் 354 நாள். ஆகவே ஆஷுரா வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் பின்னோக்கி நகர்ந்து, முப்பத்துமூன்று வருஷத்தில் வெயில், மழை, பனி எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. 1977 பிப்ரவரியில் அந்த நடையை அரசாங்கம் தடுத்தது. மீறி நடந்தவர்கள்மீது படையை ஏவியது. பின்னர் சிலருக்கு மரண தண்டனை. 2003ல் அந்த ஆட்சி விழுந்த சில நாளிலேயே ஜனங்கள் மறுபடி கர்பலாவுக்கு நடந்தார்கள்.

1977 என்ற வருஷத்தைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அங்கே நடக்கக் கூடாது என்று துப்பாக்கி காட்டிய அதே வருஷத்தில் நான் இங்கே நிற்கக் கூடாது என்று எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒப்பிடுவது அபத்தம் என்பது தெரியும். எனக்குப் படை இல்லை, பத்திரிகைகூட மூன்று இதழ்தான். செவ்வாய்ப்பேட்டை வண்டிகளை எந்த அரசும் தடுக்கவில்லை. போலீஸ் முன்னால் நின்று வழிவிட்டுக் கொடுத்தது. ஆனால் ஒரு வண்டியிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். அதற்கு ரஸனை போதுமானதாக இருந்தது.

என் விமர்சனத்தில் எது தவறு என்று இத்தனை வருஷம் கழித்து யோசிக்கிறேன். ஜிகினா ஜிகினாதான். அட்டையில் வெட்டிய பிறை அழகானது என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா அங்கே கலைப்பொருளாக நிற்கவில்லை. வருஷம் பூராவும் எடைக்கல்லையும் கூலியையும் வைத்து ஒருவரை ஒருவர் அறிந்த ஜனங்கள், ஒரு ராத்திரி தங்களில் ஒருவனை வேறாகப் பார்ப்பதற்கு இடம் கொடுத்தார்கள். அந்த இடத்தில் நின்றார். தெரிந்தே கும்பிடுவது என்று நான் பழித்தது அதைத்தான். கர்பலாவில் கொலைகாரன் வேஷம் கட்டுகிறவனையும் ஊருக்குத் தெரியும், தெரிந்தே அவனை வெறுத்து அழுகிறார்கள். பெரியம்மை போன பிறகும் வண்டிகள் வருவது இதனால்தான் என்று தோன்றுகிறது. காரணம் ஒன்றுதான் இருந்தது என்று நான் நினைத்தேன்.

போன ஆடியில் வெகுநாள் கழித்து வேடிக்கை பார்க்கப் போனேன். இப்போது மாடுகள் குறைவு, லாரியும் டிராக்டரும் அதிகம். சீரியல் விளக்கு கண்ணைக் கூச வைக்கிறது. எல்லாருடைய கையிலும் போன். ஒரு வண்டியில் சிவனாக ஒரு பையன், இருபது வயதிருக்கும். வண்டி என் முன்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றது. வேர்வையில் நீலம் கரைந்து புருவத்தில் இறங்கியது. அவன் இமைக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெண், அவன் அம்மாவாக இருக்க வேண்டும், சக்கரத்தில் கால் வைத்து ஏறி, முந்தானையால் அவன் நெற்றியை ஒற்றிவிட்டு, அப்படியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

நானும் கும்பிட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னைத் தெரிந்தவர், ஒரு மாதிரிப் பார்த்தார். வண்டி நகர்ந்துவிட்டது.