பத்திரச் செலவும் சேர்த்துதான் வீட்டு விலை

பெண்ணாடத்துல பிரளயகாலேஸ்வரர் கோயில் பக்கம் வீடு 25 லட்சத்துக்கு வருது, "6,000 வாடகை கொடுக்கறதுக்கு இஎம்ஐ கட்டிரலாம்ண்ணே"ன்னான் தம்பி.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. அங்கேயே 2.25 லட்சம் கைக்காசு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 ஆக்கினாங்க, கூடவே வழிகாட்டி மதிப்பையும் ஏத்திட்டாங்க. 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம்: மாசம் 18,000, மொத்தம் 43 லட்சம்! வீட்டு வரி, போர் மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிக்கிற செலவு தனி. வாடகை வீட்டுல இதெல்லாம் ஓனர் பாடு.

ஆனாலும் ஓனர் காலி பண்ணச் சொன்னா பிள்ளைங்க பள்ளிக்கூடம் என்னாகும்னு அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்தப் பயம் நியாயமானது. வேண்டாம்னு சொல்லல, முன்பணம் சேர்த்து, கடனை 12 லட்சத்துக்குக் குறைச்சிட்டு வாங்குடான்னேன். அப்போ தவணை 10,800தான்.