சும்மா நடக்கிறவள்

எங்க தெருவுல விடியறதுக்கு முன்னால ஒரு பொம்பள ரோட்டுல நடந்து போனா அதுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போகிறாள். அரசாங்கம் கட்டிக் கொடுத்த கக்கூஸ்களில் தண்ணீர் வராது. விறகும் ஆட்டுக்குட்டியும்தான் கிடக்கின்றன. அதனால் 38 வயசுப் பொம்பள ஒருத்தி கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கையை வீசி வீசி நடந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது.

"ஏத்தா, யாரப் பாக்க இம்புட்டு வேகமாப் போற?"

"யாரையும் பாக்கல அத்தை. சும்மா நடக்குறேன்."

"சும்மாவா?"

அந்தச் 'சும்மா'தான் அத்தைக்குப் பிடிபடவில்லை. எங்க ஆளுக நடந்ததெல்லாம் ஒன்று வேலைக்கு, இல்லைன்னா கூலி கேட்க.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சர்க்கரைப் பரிசோதனையில் எனக்கு 6.2 வந்தது. 5.7க்கு மேல் எச்சரிக்கை, 6.5ஐத் தொட்டால் நோய். பார்வைக்கு நான் ஒன்றும் அப்படிக் குண்டு இல்லை. ஆனால் வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே தெற்காசிய உடம்புக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. அவர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25 என்றால் நமக்கு 23லேயே எச்சரிக்கிறார்கள். டாக்டரம்மா ஜிம்முக்குப் போகச் சொன்னார், ஓட்ஸும் பாதாமும் சாப்பிடச் சொன்னார். பாதாம் வாங்குகிற காசுக்கு எங்க வீட்டில் ஒரு வாரம் மாட்டுக்கறி எடுக்கலாம்.

இயக்கத்துக்காரி என்றால் ஓடிக்கொண்டே இருப்பாள் என்று நினைக்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கிறோம். பஸ்ஸில் மூணு மணி நேரம், கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் ரெண்டு மணி நேரம். வன்கொடுமை வழக்கில் ஒரு எஃப்.ஐ.ஆர். போட வைக்க ஸ்டேஷன் மரத்தடியில் பொழுது சாய்கிற வரைக்கும். நடுவில் ஆறேழு டீ. ராத்திரி பத்தரைக்கு பஸ் ஸ்டாண்டு பரோட்டா. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் நோட்டு, மறுநாள் துண்டறிக்கை.

"வயல்ல எறங்கி நாலு நாள் வேல செஞ்சா ஒடம்பு தானா எளைக்கும்" என்கிறாள் அம்மா. இதை மட்டும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எங்கம்மாவுக்கு 64 வயசு. நாற்று நட்டு, களை பறித்து, கட்டுச் சுமந்த உடம்பு. ஒரு துளி கொழுப்பு கிடையாது. ஆனால் முட்டி ரெண்டும் தேய்ந்துபோச்சு. இடுப்பு நிமிர விடாது. பிள்ளை பெத்த முப்பதாம் நாள் சேத்தில் எறங்கினவள், அடியிறங்கிப்போனதை இருபது வருசம் யார்கிட்டயும் சொல்லாமல் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நாற்று நட்டாள். கிராமத்து உழைப்புக்கு மேல் உடற்பயிற்சி உண்டா என்று பத்திரிகையில் எழுதுகிறவர்களை எங்கம்மா பக்கத்தில் ஒரு நாள் குனிய விட வேண்டும். தசைக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது. அதற்குப் பிறகு கிடைக்கிற ஓய்விலும் சோற்றிலும்தான் அது தேறும். வேலையை எங்களிடம் கொடுத்துவிட்டு ஓய்வையும் சோற்றையும் பண்ணையார் வைத்துக்கொண்டார். எவ்வளவு குனிவது, எப்போது நிமிர்வது என்பதை அவர்தான் சொன்னார். இப்போது நானே முடிவு பண்ணி நடக்கிறேன், நானே முடிவு பண்ணி நிற்கிறேன். எங்க வம்சத்தில் இது புதுசு.

"தோழர் மேல்தட்டு ஆயிட்டாங்க" என்று கேலி செய்தார்கள். அம்பேத்கர் கண் விழித்துப் படித்ததை மேடைக்கு மேடை சொல்கிறோம். சர்க்கரை நோயோடு போராடி, 1956 டிசம்பர் 6 அன்று 65 வயதில் அவர் போய்ச் சேர்ந்ததை அந்த மேடையில் சொல்வதில்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் அச்சாகி வந்தபோது பார்க்க அவர் இல்லை. எங்களோடு போஸ்டர் ஒட்டிய ஒருவர் 46 வயதில் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போய் எல்லோரும் பரோட்டாதான் சாப்பிட்டோம்.

வாரத்துக்கு 150 நிமிட நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் நடக்க எனக்கு ஏது நேரம்? பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டேன். ரெண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவேன். சாப்பிட்ட கையோடு நடந்தால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்ளும். அதனால் மதியச் சோற்றுக்குப் பிறகு கலெக்டர் ஆபீஸையே சுற்றி வருகிறேன், காவலாளிக்குச் சந்தேகம் வருகிற அளவுக்கு. வீட்டில் தண்ணீர்க் கேன் ரெண்டைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கிக் கறியும் முருங்கைக்கீரையும் கூட்டினேன். கம்பங்கூழும் உண்டு, அளவாக. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. எங்க பாட்டிக்கு ஒவ்வொரு வருசமும் அந்த ஆண்டுதான். அப்போது அதற்குக் கூழ்குடிச்சி என்று பட்டப்பேர் வைத்தார்கள்.

எங்க பக்கத்து ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, விளக்கும் இல்லை. நல்ல சிமெண்டு ரோடு ஊர்த்தெருவுக்குள்தான் போகிறது. எங்க தாத்தா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன தெரு. பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். நூறு வருசம் கழித்து, ஷூவோடு நடந்த என்னைத் திண்ணையிலிருந்து ஒருத்தர் கேட்டார்: "காலனிக்கு வழி அங்கிட்டுல்ல?"

"தெரியும்ணே. சர்க்கரைக்கு நடக்குறேன்" என்றேன். அவருக்கும் சர்க்கரையாம். மாத்திரை பேரைக் கேட்டார். கேட்டாரே தவிர, திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை.

எட்டு மாதத்தில் 6.2 என்பது 5.8 ஆகியிருக்கிறது, எடையில் அஞ்சு கிலோ குறைந்திருக்கிறது. கொலை விழுந்த வாரங்களில் நடை கிடையாது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாதக் கூட்டத்தில் பஜ்ஜி போய் சுண்டல் வந்துவிட்டது. நாலு மணிக்கு எல்லோரும் வெளியே போய்ப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வருகிறோம். மூத்த தோழர் ஒருவர் மட்டும் படியில் நின்று பீடி பிடிக்கிறார். அவருக்குச் சர்க்கரை 300ஐத் தாண்டிவிட்டது. கூப்பிட்டால், "அடுத்த மாசம் பாப்போம் தோழர்" என்கிறார். மூணு மாசமா அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.